கேழ்வரகு முளைக்கும் நாள்கள்

திருவருகைக் காலம் தொடங்கி ஒரு வாரம் சென்றதும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மூங்கிற்கூடை கவிழ்ந்திருக்கும். அதை யாரும் நிமிர்த்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கூடையின்கீழ் நான்கைந்து கொட்டாங்கச்சிகளும் துருவேறிய ஒரு பிஸ்கட் தகரமும் இருக்கும். அவற்றில் எருவும் வண்டலும் கலந்த மண். அம்மண்ணில், ஓர் இரவு முழுதும் நீரில் ஊறிய கேழ்வரகு. என் துணைவியார் நாள்தோறும் காலையில் கூடையைத் தூக்கி, விரல்களால் நீர் தெளித்து, மறுபடியும் மூடிவிடுவார். வெளிச்சம் தேடி முளைகள் நீண்டு வளரும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கூடை அகற்றப்படும். வெளிறிய முளைகள் வெயில் பட்டுப் பச்சை ஏறும். விழாவின் முதல்நாள் மாலையில் அவை குடிலுக்குள் சென்று புல்வெளியாகிவிடும். அந்தப் பசுமையின்மீதுதான் இடையர்களும் ஆடுகளும் நிற்பார்கள்.

நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் கழிந்தது. பிறந்த ஊரும், ஓய்வுக்குப் பின் திரும்பி வந்து வாழும் ஊரும் கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சிக்கு அருகில் உள்ளது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று; 2007இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. ஆட்சியாளர் வரைபடத்தில் இரண்டும் வேறானாலும் எங்கள் குடிலில் இரண்டு மண்ணும் ஒன்றாகவே இருந்தன. முளைக்கு வேண்டிய வண்டல் கொள்ளிடக் கரையிலிருந்து வந்தது. குகைக்கு வேண்டிய கற்களுக்கிடையே, அந்நாளில் காரைப் பக்கத்து மாணவர்கள் பொறுக்கி வந்து கொடுத்த கல்லாய்ப் போன கிளிஞ்சல்கள் கிடந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலம் கடலாக இருந்ததன் சான்று அவை. ‘ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் கடற்சிப்பி எப்படி வந்தது?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் நிலநூற்பாடம் நடத்துவேன். துணைவியாரோ, “கடலும் பாலனைப் பாக்க வந்துருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கேழ்வரகு விதைக்கும் இவ்வழக்கத்தை அவர் தம் தாயாரிடம் கற்றார். அவருடைய தாயார் யாரிடம் கற்றார் என்பது தெரியாது. எங்கள் தெருவில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கும் வீடுகள் உண்டு. அவர்களும் இருட்டில் மூடிவைத்துத்தான் முளை வளர்க்கிறார்கள். ‘இது அவர்களிடமிருந்து வந்ததாக இருக்குமோ?’ என்று நான் ஒருமுறை ஐயத்தோடு கேட்டபோது, “இருந்தா என்னங்க, மண்ணு ஒண்ணுதானே” என்றார். அப்போது அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. நம்முடையது எது, அயலாருடையது எது என்று கோடு கிழித்துப் பார்ப்பது என் இயல்பாக இருந்தது.

அந்தக் கோட்டை நான் மேடைகளிலும் கிழித்திருக்கிறேன். பங்கின் கிறிஸ்து பிறப்புக் கூட்டங்களில் பேச அழைத்தால், ஊசியிலை மரமும் சிவப்பு அங்கித் தாத்தாவும் நமக்கு எதற்கு என்று முழங்குவேன். பனி என்ற ஒன்றையே கண்டறியாத அரியலூரில், பெரம்பலூர்ச் சீமையில் விளைந்த பருத்தியைப் பிய்த்து மரத்தில் ஒட்டி, அதைப் பனி என்று நம்புகிறோமே என்று சொன்னால் கூட்டம் சிரிக்கும். கைதட்டல் கிடைக்கும். வீடு திரும்பினால் துணைவியார் கூடையைத் தூக்கி நீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இருவர். மகள் திருமணமாகி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் சென்றாள். மகன் பொறியாளனாகி ஜெர்மனியில் கொலோன் நகரில் குடியேறினான். ‘அயல் வழக்கம்’ என்று நான் தள்ளியவை யாவும் என் பேரப்பிள்ளைகளின் வீட்டு வழக்கங்களாயின.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் மகள் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டாள். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு பெட்டியைச் சரிபார்த்தபோது, புடவை மடிப்புக்குள் ஒரு சிறு துணி முடிச்சு கிடைத்தது. உள்ளே கேழ்வரகு. அமெரிக்க விமான நிலையத்தில் விதை, தானியம் பற்றிக் கடுமையான விதிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்த நான் அதை எடுத்து வெளியே வைத்தேன். விதியின்படி நான் செய்தது சரியே. ஆனால் எடுத்து வைத்ததோடு நில்லாமல், “அறுபது வயதில் இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு?” என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முடிச்சை எடுத்துச்சென்று அடுக்களைப் பானைக்குள் போட்டார்.

மகள் இருந்த இடத்திலிருந்து காரில் சிறிது தொலைவில் ஓர் ஊர், பெயர் பெத்லகேம். ஜெர்மானிய மண்ணிலிருந்து வந்த மொராவியச் சகோதரர்கள் என்னும் சபையார் 1741இல் அவ்வூரை அமைத்தார்கள். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில் அதற்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஊருக்குத் தெற்கேயுள்ள மலைமேல் பெரிய மின்விளக்கு விண்மீன் ஒன்று இரவுதோறும் ஒளிர்கிறது. வீட்டுத் திண்ணைகளில் பல முனைகளையுடைய வெண்ணிற விண்மீன் விளக்குகள் தொங்குகின்றன. அவ்விளக்கின் கதையைப் பின்னாளில் அறிந்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரிலிருந்த மொராவிய விடுதிப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகத் தாளில் செய்யப்பட்ட வடிவம் அது. அத்தகைய விடுதிகளில்தான் தொலைநாடுகளுக்கு மறைப்பணிக்குச் சென்றவர்களின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்றோர் கடல் கடந்து இருக்க, பிள்ளைகள் தாளை வெட்டி ஒட்டி விண்மீன் செய்து தொங்கவிட்டார்கள். அந்தச் சபையாரில் சிலர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்திருக்கிறார்கள். பலர் காய்ச்சலில் மாண்டார்கள். எஞ்சியவர்கள் அரை நூற்றாண்டுக்குள் திரும்பிவிட்டார்கள். நம் சோழநாட்டுக் கடற்கரை மண்ணிலும் அவர்களுடைய கல்லறைகள் உண்டானது நம்மில் பலருக்குத் தெரியாது.

நவம்பர் நான்காம் வியாழன் அங்கே நன்றியறிதல் நாள். 1621இல் பிளிமத் குடியேறிகள் தங்கள் முதல் அறுவடைக்குப் பின் அந்நிலத்துப் பழங்குடியினரோடு விருந்துண்டதை நினைவுகூரும் நாள் என்பர். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுமைக்கும் உரிய நாளாக அறிவித்தார். மகள் வீட்டு மேசையில் வான்கோழி இருந்தது. எங்களுக்காகச் சாம்பாரும் இருந்தது. அண்டை வீட்டில் தனியாக வாழ்ந்த ஒரு முதியவரை அழைத்திருந்தாள். உண்பதற்கு முன் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று கூற வேண்டுமாம். துணைவியார் தம் முறை வந்தபோது, “மழை நல்லா பெஞ்சிருக்கணும்” என்றார். நன்றி கேட்டால் வேண்டுதல் சொல்கிறாரே என்று நான் நகைத்தேன். காவிரியில் நீர் வராமல் டெல்டா வாடிய ஆண்டு அது. ஊரை விட்டு வந்த பிறகும் அவருடைய பொங்கற்பானை ஊர்மழையைத்தான் நோக்கியிருந்தது.

மறுநாளே கடைகளில் கூட்டம் நெருக்கியடித்தது. அன்று மாலையே மகள் வீட்டுக்குள் ஒரு மரம் வந்து நின்றது. விளக்குகள் எரிந்தன. திருவருகைக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை, விழா வந்துவிட்டது! நான் மருமகனிடம் என் மேடைப்பேச்சைத் தொடங்கினேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, தம் அலுவலக நண்பர் கூறியதாக ஒரு செய்தி சொன்னார். மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம். அங்கே ஆண்டவர்களான பியூரிட்டன் சபையாருக்கு அவ்விழா வேதத்தில் இல்லாத அயல் வழக்கமாகப் பட்டது. மரத்தையும் விளக்கையும் கொண்டுவந்தவர்கள், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஜெர்மானியர். குழந்தைகள் எதிர்பார்த்திருக்கும் அந்தத் தாத்தாவின் கொழுத்த உருவத்தைப் பத்திரிகையில் வரைந்து நிலைநிறுத்திய தாமஸ் நாஸ்ட்டும், 1840இல் ஜெர்மனியின் லாண்டாவ் நகரில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர்தான். “மாமா, இது இவங்களுக்கும் வெளியூர்ச் சரக்குதான்” என்றார் மருமகன். எனக்குச் சுருக்கென்றது. நான் மேடையில் பேசியதையே வேறொரு கண்டத்தில், வேறொரு நூற்றாண்டில், சட்டமாகவே போட்டிருக்கிறார்கள்!

துணைவியார் இவ்வாதங்களில் கலந்துகொள்ளவில்லை. இந்திய மளிகைக் கடையில் முழுக் கேழ்வரகு கிடைக்கிறதா என்று மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். கேக் சுடும் தட்டில் தோட்டத்து மண்ணை நிரப்பினார். கூடைக்குப் பதிலாக அட்டைப்பெட்டி. வெளியே பனி பெய்ய, அறையின் செயற்கைச் சூட்டில் முளை வந்தது. பேத்திக்கு அப்போது ஆறு வயது. காலையில் எழுந்ததும் ஓடிவந்து, “அம்மாயி, தொறக்கலாமா?” என்பாள். அவ்வளவு பெரிய மரம் கூடத்தில் நிற்கும்போது இந்தத் தட்டு எதற்கு என்று நான் கேட்டேன். “மரம் ஒரே நாள்ல வந்துருச்சுங்க. பாப்பாவுக்கு நாளைக்கு நாளைக்குன்னு பாத்துக்கிட்டு இருக்க ஏதாச்சும் வேணும்ல?” என்றார். டிசம்பர் 24 மாலையில் அத்தட்டை மரத்தின் அடியிலேயே வைத்து, அதன்மேல் பாலன் சுரூபத்தைக் கிடத்தினார். மரத்தை அகற்றச் சொல்லவில்லை. அதனோடு சண்டையிடவும் இல்லை. நான் அதைக் குடில் என்று ஒப்புக்கொள்ளவில்லை. புகைப்படத்துக்குக்கூட நிற்கவில்லை என்பதை இன்று எழுத நாணுகிறேன்.

பிப்ரவரி 2ஆம் நாள் நம் ஆலயங்களில் மெழுகுதிரி மந்திரித்துப் பவனி வருவோம். ஆண்டவர் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட விழா. பென்சில்வேனியாவில் அன்று, வளையிலிருந்து வெளிவரும் ஒருவகைக் கொறி விலங்கு தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்று தொலைக்காட்சியில் ஆரவாரம். விசாரித்தால், மெழுகுதிரித் திருநாளன்று வளைக்கரடியைப் பார்த்துப் பருவம் கணித்த ஜெர்மானிய உழவரின் வழக்கம் அது. குடியேறிய நாட்டில் வேறு விலங்கு கிடைத்தது. நாள் மட்டும் மாறவில்லை. திருவிழாவின் பொருள் உதிர்ந்து தேதி மட்டும் எஞ்சுவதும் உண்டு என்பதை அங்கே கண்டேன்.

2017 ஆகஸ்டில் என் துணைவியார் இறைவனடி சேர்ந்தார். துக்க வீட்டில் ஓராண்டு விழா இல்லை, விண்மீன் தொங்கவிடுவதில்லை, பலகாரம் இல்லை. நானும் குடில் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தனித்திருக்க வேண்டாமென்று மகன் என்னைக் கொலோனுக்கு அழைத்துக்கொண்டான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, டிசம்பர் 3 அன்று, போய்ச் சேர்ந்தேன். “இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்னு விட்டுட்டோம்ப்பா” என்றான். சாப்பாட்டு மேசைமேல் மட்டும், பேரன் பள்ளியில் செய்துவந்த நான்கு மெழுகுதிரி வளையம் இருந்தது. ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது.

நம் ஆலயப் பீடத்தருகிலும் இன்று அவ்வளையத்தைக் காண்கிறோம். அதன் பிறப்பைச் சிந்திப்பதில்லை. ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் லுத்தரன் சபைப் போதகர், வறிய சிறுவர்களுக்கென ஓர் இல்லம் நடத்தினார். ‘விழா என்றைக்கு, விழா என்றைக்கு?’ என்று நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839இல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய திரியும் மற்ற நாள்களுக்குச் சிறிய திரியும் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினால் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். கத்தோலிக்க ஆலயத்தில் அது முதன்முதலாக இடம்பெற்றது, நான் தங்கியிருந்த அதே கொலோன் நகரில், 1925இல் என்கிறார்கள். யாரோ ஏழைச் சிறுவர்களின் பொறுமையின்மைக்குக் கிடைத்த பதில், கொள்ளிடக்கரை ஆலயம் வரை வந்திருக்கிறது.

மறுநாள், டிசம்பர் 4, காலையில் அழைப்புமணி ஒலித்தது. அடுத்த வீட்டில் தனியாக வாழும் ஜெர்மானிய மூதாட்டி நின்றார். கையில் இலையற்ற மூன்று குச்சிகள். அடுப்பெரிக்கக் கொடுக்கிறாரோ என்றுதான் முதலில் எண்ணினேன். மகன் மொழிபெயர்த்தான். அன்று புனித பார்பராவின் நாள். சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது அப்புனிதையின் ஆடையில் ஒரு கிளை சிக்கியதாம். தமக்குக் கிடைத்த குடிநீரில் சிறிதை அதற்கு ஊற்றினாராம். அவர் உயிர்நீத்த நாளில் அது பூத்ததாம். அதன் நினைவாகச் செர்ரி மரக்கிளையை அந்நாளில் வெட்டி நீரில் வைப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கிறிஸ்து பிறப்பன்று பூக்கும். தம் கணவர் நட்ட மரத்துக் கிளை இது என்றார் மூதாட்டி. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின. “தண்ணீரை மாற்றுவது இவருடைய வேலை” என்று என்னைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குச்சிகளுக்கு நான் நீர் மாற்றினேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் கணுக்களில் சிறு தடிப்பு. ஒருநாள் காலை அதைத் தொட்டுப் பார்த்தபோது, மூங்கிற்கூடையைத் தூக்கும் ஒரு கையை நினைத்தேன். அடக்கத்தன்றுகூட வராத அழுகை அன்று வந்தது. நாற்பது ஆண்டுகள் என் கண்ணெதிரே நடந்ததை, நாலாயிரம் மைலுக்கு அப்பால், மொழி தெரியாத ஒரு கைம்பெண் தந்த குச்சியில்தான் கண்டேன். மூன்று கிளைகளில் இரண்டு பூத்தன, அதுவும் விழாவுக்கு மூன்று நாள் கழித்து. ஒன்று கடைசிவரை பூக்கவே இல்லை. மூதாட்டி அதைக் குறையாகக் கருதவில்லை.

ஜெர்மனியில் வணிகம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கொலோன் பேராலயத்தின் காலடியிலேயே நவம்பர் முதல் சந்தை. தோளோடு தோள் உரசும் கூட்டம். ஆயினும் பல வீடுகளில் மரம் 24ஆம் நாள்தான் வைக்கப்படுகிறது. அன்றிரவு உணவும் எளியது: உருளைக்கிழங்குக் கலவையும் தொத்திறைச்சியும். விழா அன்றுதான் தொடங்குகிறது. மூவரசர் விழாவரை, சில வீடுகளில் மெழுகுதிரித் திருநாள்வரை, நீடிக்கிறது.

மூவரசரின் திருப்பண்டங்கள் 1164 முதல் அந்நகரப் பேராலயத்தில் பேணப்படுகின்றன. 2018 ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் மாலை மணி ஒலிக்க, கதவைத் திறந்தேன். தாள் முடியும் வண்ணப் போர்வையும் அணிந்த மூன்று அரசர்கள். மூத்தவருக்குப் பத்து வயது இருக்கலாம். கோலில் ஒரு விண்மீன். பாடினார்கள். கையில் உண்டியல். 1959 முதல் ஜெர்மானியக் கத்தோலிக்கச் சிறுவர்கள் இவ்வாறு வீடுவீடாகச் சென்று, உலகின் ஏழைக் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டுகிறார்கள். அவர்கள் காட்டிய அட்டையில் ஒரு நாட்டின் பெயர் எனக்குப் புரிந்தது: இந்தியா. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக, இந்தியாவிலும் உலகெங்கும் என்பது அவ்வாண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட கருப்பொருள்.

முதலில் எழுந்தது சினம். என் நாட்டுக்காக என்னிடமே பிச்சை கேட்கிறார்களா? பணத்தை எடுக்க உள்ளே சென்ற சில நொடிகளில் சினம் அடங்கி வேறொன்று எழுந்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கும் பருவத்திலும் பருத்தி எடுக்கும் பருவத்திலும் என் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும. நான் வருகைப் பதிவேட்டில் குறி போட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்ந்து வராத ஒரு பையனின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தும் இருக்கிறேன். அவன் வீட்டுக்கு ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. யாரும் அனுப்பாமல் எட்டி நடக்கக்கூடிய தொலைவு அது. முகம் தெரியாத அந்தப் பையனுக்காக மூன்று பிள்ளைகள் குளிரில் படியேறி வந்திருக்கிறார்கள்.

உண்டியலில் பணம் இட்டேன். அவர்களில் ஒருத்தி கதவு நிலையின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதினாள்: ஆண்டின் எண்களுக்கு நடுவே மூன்று எழுத்துகள். ‘கிறிஸ்து இவ்வில்லத்துக்கு ஆசி அளிப்பாராக’ என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. துக்க வீடு என்று விழாவை விலக்கிவைத்திருந்தோம். விழா படியேறி வந்து, கேளாமலே ஆசி எழுதிவிட்டுப் போயிற்று.

ஊர் திரும்பியபின் பழைய கணக்கை மறுபடியும் பார்த்தேன். ஏட்டில் இரண்டு பத்தி: நம்முடையவை, அயலாருடையவை. மரமும் வளையமும் ஜெர்மானியருடையவை. சிவப்பு அங்கித் தாத்தா அமெரிக்கரோடு வந்தவர். சரி, குடில்? 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் தொடங்கிவைத்தது. கேழ்வரகு முளையாவது? ஹங்கேரியிலும் குரோவாசியாவிலும் டிசம்பர் 13, புனித லூசியாவின் நாளில், தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்து பிறப்புக்குப் பசுமையாக்குகிறார்கள் என்று அறிந்தேன். போகட்டும், கேழ்வரகாவது நம்முடையதா என்றால், அதுவும் பன்னெடுங்காலத்துக்கு முன் ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த பயிராம். ‘நம்முடையவை’ என்னும் பத்தி வெறுமையாகிவிட்டது.

அன்று மாலை ஏலாக்குறிச்சிக்கு நடந்து சென்று அடைக்கல மாதா ஆலயத்தில் அமர்ந்தேன். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, இவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவரின் தடம் பதிந்த இடம். அவருடைய தேம்பாவணியை முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். 3615 பாடல்களில் சூசையப்பரின் வரலாற்றைப் பாட வந்தவர், யூதேயாவை வருணிக்கும்போது நம் மருதநிலத்தின் வளத்தையே அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ‘அயல்நாட்டவர் நம் மண்ணைப் போற்றிய பாங்கு’ என்று நான் விளக்கம் சொல்லுவேன், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மகள் வீட்டு மரத்தடியில் கேழ்வரகுத் தட்டை வைத்தவர் செய்ததும் அதுதானே? அதே காரியத்தைக் காப்பியத்தில் கண்டு வியந்தேன். என் வீட்டுக் கூடத்தில் கண்டு நகைத்தேன்.

விழாக்கள் ஒருபோதும் ஓரிடத்தில் பிறந்து அங்கேயே இருந்ததில்லை. பிழைப்புக்காகவும் மறைப்பணிக்காகவும் கடல் கடந்தவர்களின் மூட்டையில், பெரும்பாலும் பெண்களின் புடவை மடிப்பில், அவை பயணம் செய்தன. எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஒரு வழக்கத்தை ஏற்பதோ தள்ளுவதோ எனக்கு இனி இயலாது. நான் இன்று கேட்கும் கேள்வி வேறு: இதற்காக யாராவது காத்திருந்தார்களா? யாருடைய கையாவது இதில் நாள்தோறும் நனைந்ததா? அதன் முடிவில் நமக்கு வெளியே உள்ள ஒருவருக்கு வாசல் திறந்ததா? ஆம் எனில் அது நம்முடையதே.

2018இல் நானே கேழ்வரகு விதைத்தேன். செம்பிலிருந்து நீரை ஊற்றினேன், எல்லாம் அழுகிவிட்டது. அடுத்த ஆண்டு விரல்களால் தெளித்தேன், அரைகுறையாய் வந்தது. இப்போது பழகிவிட்டது. சென்ற ஆண்டு பங்கு இளைஞர்கள் ஆலயக் குடிலுக்கு அரியலூர்க் கடைத்தெருவிலிருந்து பச்சை நிறப் பிளாஸ்டிக் புல்விரிப்பு வாங்கி வந்திருந்தார்கள். முளை போடலாமே என்றேன். “அதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகுமே, தாத்தா” என்றான் ஒருவன். ஆகும் என்றேன். விரிப்பை அவர்கள் எடுத்துவிடவில்லை. ஆனால் பாலன் கிடக்கும் இடத்தில் மட்டும் அதை வெட்டி, என் கொட்டாங்கச்சிகளுக்கு இடம் விட்டார்கள். விழா முடிந்து மஞ்சளித்த முளைகளைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

அன்று ‘தொறக்கலாமா’ என்று கேட்ட பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். சில நாள்களுக்கு முன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள்: சன்னலோரத்தில் ஒரு காகிதக் குவளை, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு குவளை. “தாத்தா, தண்ணி எவ்வளவு ஊத்தணும்?” என்று கேட்டிருந்தாள்.

“ஊற்றாதே அம்மா. அம்மாயி விரலால்தான் தெளிப்பாள்” என்று எழுதி அனுப்பிவிட்டு, என் கூடையைத் தூக்கிப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன்.